வீட்டு சிஸ்டத்தில் வைரஸ்: ஸ்கேன் போதுமா, ஃபார்மட் போடணுமா, கடையில் கொடுக்கலாமா?

எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு டெஸ்க்டாப், பிள்ளையின் கல்லூரி லேப்டாப் ஒன்று. நம் வீடுகளில் பெரும்பாலும் இவ்வளவுதான். இதில் ஒன்றில் வைரஸ் புகுந்துவிட்டது என்று தெரிந்தால், ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று ஒரு பேச்சு, ஃபார்மட் போட்டுவிடலாம் என்று ஒரு பேச்சு, கடையில் கொடுத்துவிடலாம் என்று இன்னொரு பேச்சு. எது சரி என்பது வைரஸின் பெயரைப் பொறுத்தது இல்லை. அது எந்த வழியாக உள்ளே வந்தது, ஓடிய நேரத்தில் எதை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், இந்த இரண்டும்தான் முடிவைச் சொல்ல வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரவுசருக்குள் மட்டும் இருக்கும் தொல்லை என்றால் சுத்தம் செய்தால் போதும். ஆனால் எங்கிருந்தோ டவுன்லோட் செய்த கிராக் (காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேரைப் பூட்டுடைத்து ஓட்டுவது), கேம் சீட் (விளையாட்டில் குறுக்குவழியில் ஜெயிக்க உதவுவது), 'இலவச' போட்டோஷாப் என்று ஏதாவது ஒரு புரோகிராமை யாராவது திறந்து ஓட்டியிருந்தால், ஸ்கேனில் என்ன வந்தாலும் சரி, டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸை புதிதாகப் போடுங்கள். வேலை அதிகம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போய்விடும். அப்படியும் ஏன் இதைச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் போனை எடுங்கள்

பத்துப் பதினைந்து வருடம் முன்பு வைரஸ் என்றால் சிஸ்டம் ஸ்லோ ஆகும், ஃபோல்டர்கள் மறையும், விளம்பரம் குதிக்கும். வந்தது கண்ணுக்குத் தெரியும். இன்று வீடுகளுக்கு அதிக ஆபத்து தருவது பாஸ்வேர்டு திருடும் ரகம். லுமா, ரெட்லைன், விடார் என்று பல பெயர்களில் சுற்றுகிறது. 2025 மே மாதம் லுமாவின் வலையமைப்பை முடக்கியபோது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு, அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மட்டும் உலகம் முழுக்க 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்தது என்பது.

இந்த ரகம் உங்கள் கணினியில் குடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கார்டு விவரம், அப்புறம் குக்கீகள், எல்லாவற்றையும் அள்ளி அனுப்ப அதற்குச் சில நிமிடம் போதும். சில வகைகள் வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும். அதனால் மறுநாள் ஸ்கேன் போட்டுப் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம் ஆகாது.

குக்கீ என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜிமெயிலில் ஒருமுறை உள்ளே போனபின் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்பதில்லை அல்லவா, அதற்குக் காரணம் அந்தக் குக்கீதான். அது திருடன் கையில் கிடைத்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேராக உள்ளே வந்துவிடுவான். எனவே பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாமல், கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்து, சந்தேகமானவற்றையும் அந்த சிஸ்டத்தையும் வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் பட்டியலிலும் இதே வேலை.

இதை எல்லாம் வைரஸ் வந்த கணினியில் செய்யாதீர்கள். அதன் இணையத்தை முதலில் துண்டித்துவிட்டு, போனில் செய்யுங்கள். மெயில் கணக்கில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கடிதமும் அங்கேதான் வரும். அடுத்து பேங்க், அதன்பின் ஷாப்பிங், சமூக ஊடகம். பணம் போயிருந்தால் ஸ்கேனும் ஃபார்மட்டும் காத்திருக்கட்டும். சைபர் மோசடி புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், பேங்க்கிலும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு.

வைரஸே இல்லாமலும் இருக்கலாம்

'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று திரையின் வலது கீழ் மூலையில் அடிக்கடி வந்து விழும் அறிவிப்பைப் பார்த்துப் பதறி வருபவர்கள் பலர். பெரும்பாலும் அது வைரஸ் இல்லை. சினிமா டவுன்லோட் பக்கத்திலோ கிரிக்கெட் லைவ் பக்கத்திலோ 'அலோ' என்ற பட்டனை யாரோ அழுத்தியிருப்பார்கள். அந்தத் தளம் அதற்கப்புறம் குரோம் வழியாகவே விளம்பரம் அனுப்புகிறது, அவ்வளவுதான். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை நீக்கினால் தொல்லை அப்போதே நின்றுவிடும். இதற்காக ஃபார்மட் போடுவது வீண் வேலை. அந்த அறிவிப்பைத் தட்டி, அது காட்டும் எண்ணுக்குப் போன் செய்வதுதான் உண்மையான ஆபத்து.

ஹோம் பேஜ் மாறிவிட்டது, தேடினால் வேறு எங்கோ போகிறது என்றால் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது பிரவுசரோடு சேர்க்கும் சின்னச் சின்ன புரோகிராம்களைப் பாருங்கள். நீங்கள் போடாத எதுவும் இருக்கக் கூடாது. முன்பு குரோமுக்குள்ளேயே ஒரு கிளீனப் கருவி இருந்தது. 2023-ல் கூகுள் அதை எடுத்துவிட்டது. இன்னும் அதைத் தேடச் சொல்லும் பழைய வீடியோக்களை நம்பி நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஸ்கேன் எங்கே போதும், எங்கே போதாது

விண்டோஸ் 10, 11-ல் கூடவே வரும் டிஃபெண்டர் நல்ல ஆன்டிவைரஸ். ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. சந்தேகம் வந்தால் குவிக் ஸ்கேனோடு விடாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுந்திருப்பதற்கு முன்பே தேடும். சுமார் பதினைந்து நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் சில வகைகள் இதில் மாட்டும். இரண்டாவது கருத்து வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அது பத்து நாளில் காலாவதியாகிவிடும், அடுத்த முறை புதிதாகத்தான் இறக்க வேண்டும்.

ஸ்கேன் போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, பலர் பார்ப்பதில்லை. அதே விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்குளூஷன்ஸ் என்ற பட்டியல். டிஃபெண்டர் எதைத் தொடக் கூடாது என்பதற்கான பட்டியல் அது. கிராக் போடும்போது 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்' என்று ஒரு குறிப்பு வரும் அல்லவா, அப்படி ஒருமுறை கதவு திறந்ததும் உள்ளே வந்தது முதல் வேலையாக சி டிரைவ் முழுவதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும். அப்புறம் எத்தனை ஸ்கேன் போட்டாலும் பச்சை டிக்தான் வரும். பட்டியலில் நீங்கள் போடாத வரி ஒன்று இருந்தாலே போதும், அந்த சிஸ்டத்தை ஸ்கேனால் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ஸ்கேனே போதுமான இடமும் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகிவிடுமே, அந்த வைரஸ். பலரும் 'ஃபைல் எல்லாம் போச்சு' என்று பென் டிரைவையே ஃபார்மட் போட்டுவிடுகிறார்கள். ஃபைல்கள் அதற்குள்ளேயேதான் இருக்கும், மறைத்து மட்டும் வைக்கப்பட்டிருக்கும். முதலில் ஸ்கேன் போட்டு ஷார்ட்கட்களை நீக்குங்கள். பின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி வைத்து, 'ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் உள்ள டிக்கையும் எடுங்கள். பல நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமும் பத்திரமாக இருக்கும்.

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவது பற்றி: சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவை நம் கடைகளில் எளிதில் கிடைக்கின்றன. இணையம் அதிகம் இல்லாத, பென் டிரைவ் நிறைய வந்துபோகும் கணினிக்கு, பிள்ளைகளின் பிரவுசிங்கை ஒரே இடத்தில் கட்டுப்படுத்த நினைக்கும் பெற்றோருக்கு, அவை பயன்படலாம். ஆனால் ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரஸுக்கு மருந்தாக ஒரு வருட லைசென்ஸ் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலேயே இந்திய நிறுவனங்களின் வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போட்டு வைப்பது மட்டும் வேண்டாம்.

கணினியை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் வைரஸுக்கான வழி அல்ல. டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் புரோகிராம்) கெட்டுப்போனால் பயன்படும்.

ரீசெட்டா, பென் டிரைவிலிருந்து புதிதாகவா

அழித்துவிட்டுப் போடுவது என்று முடிவானபின் இரண்டு வழி. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் 'ரீசெட் திஸ் பிசி' ஒன்று, பென் டிரைவில் விண்டோஸை ஏற்றி அதிலிருந்து போடுவது இன்னொன்று.

ரீசெட் சுலபம். யாருடைய உதவியும் வேண்டாம். அதில் வரும் இரண்டு கேள்விகளில்தான் விஷயம் இருக்கிறது. 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் புரோகிராம்கள் போகும், உங்கள் ஃபைல்கள் இருக்கும். ஆனால் டவுன்லோட்ஸில் கிடக்கும் அந்தக் கிராக் ஃபைலும் உங்கள் ஃபைலாகவே கணக்கில் வரும். எனவே 'ரிமூவ் எவ்ரிதிங்'. அடுத்த கேள்வி, லோக்கலா கிளவுடா என்பது. லோக்கல் என்றால் வைரஸ் இருந்த அதே டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை வைத்தே விண்டோஸைக் கட்டும். கிளவுட் என்றால் மைக்ரோசாஃப்டிலிருந்து புதிதாக இறக்கும். சுமார் 4 ஜிபி செலவாகும், போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்கள் அன்றைய டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வைரஸுக்காகச் செய்யும்போது கிளவுடைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

பென் டிரைவ் வழி இன்னும் நம்பகமானது, ஏனென்றால் பழைய விண்டோஸ் எதிலும் தலையிடாது. குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், வைரஸ் இல்லாத வேறொரு கணினி. இந்த மூன்றாவதுதான் பல வீடுகளில் சிக்கல். நண்பர் வீட்டிலோ அலுவலகத்திலோ உருவாக்கிக்கொள்ளலாம். லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஒரிஜினல் விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் லைசென்ஸ் அந்த ஹார்டுவேரோடு இணைந்தது. அதே எடிஷனைப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

நடுவில் ஆட்கள் திகைத்து நிற்கும் இடம் இரண்டு. பதினொன்றாம் தலைமுறை முதல் வந்த இன்டெல் பிராசஸர் லேப்டாப் பலவற்றில், 'எந்த டிஸ்க்கில் போட வேண்டும்' என்ற திரையில் டிஸ்க்கே தெரியாது. டிஸ்க் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை முன்கூட்டியே இறக்கி, பிரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தால், 'லோட் டிரைவர்' அழுத்தி அதைக் காட்டியதும் டிஸ்க் வந்துவிடும். அடுத்தது, வைஃபை பட்டியல் காலியாக இருக்கும், இணையம் இல்லாமல் விண்டோஸ் 11 மேலே போகாது. ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுப்பது) போட்டால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

அழிப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போட்டோ, வீடியோ, டாக்குமென்ட் எல்லோருக்கும் நினைவு வரும். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா ஃபோல்டரை மறந்துவிடுவார்கள். அது டாக்குமென்ட்ஸுக்குள் இருக்காது. டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்து, அந்த ஃபோல்டரையும் தனியாக நகல் எடுங்கள். அவுட்லுக் மெயில், பிரவுசர் புக்மார்க், டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைத்திருக்கும் ஆதார் ஸ்கேன்கள் என்று ஒரு சுற்று பாருங்கள். செட்டப் ஃபைல்கள், எங்கிருந்தோ வந்த ஜிப் ஃபைல்கள் எதையும் எடுக்காதீர்கள். எல்லாம் முடிந்து திரும்பப் போடும் முன், அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் புதிய விண்டோஸில் முழு ஸ்கேன் போட்டபின் திறவுங்கள்.

புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். ரெக்கவரி திரைக்குப் போனாலோ டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ 48 இலக்க பிட்லாக்கர் கீ கேட்கலாம். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு பிள்ளையின் பழைய பள்ளி மெயிலில் திறந்ததாக இருந்து, பாஸ்வேர்டும் யாருக்கும் தெரியாவிட்டால் போட்டோக்களை மறக்க வேண்டியதுதான். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அதில் நுழைய முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைல்களே பூட்டப்பட்டிருந்தால்

இது தனி ரகம். போட்டோ எல்லாவற்றின் பெயர் முடிவிலும் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருக்கும், ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' ஒன்று கிடக்கும், 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி, 490 டாலர். ஸ்டாப் என்றும் டிஜவு என்றும் அழைக்கப்படும் ரான்சம்வேர் இது. பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு, கிராக் தேடும் வீட்டுப் பயனர்களைக் குறிவைத்தே பரவியது. பல வகைகள் ஃபைலைப் பூட்டுவதோடு பாஸ்வேர்டு திருடும் புரோகிராமையும் சேர்த்தே இறக்கின.

இங்கே சிஸ்டத்தை அழித்துப் போடுவதில் சந்தேகமே இல்லை. ஆனால் பூட்டிய ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். அவற்றையும் அந்த ரீட்மீயையும் ஒரு டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள். எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 2019 அக்டோபரில் இந்த ரகத்தின் 148 வகைகளுக்கு இலவசத் திறப்புக் கருவி கொடுத்தது. அதற்கப்புறம் வந்த வகைகளில், வைரஸ் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் தனக்குள் வைத்திருந்த, பலருக்கும் ஒன்றேயான சாவியால் பூட்டியிருந்தால், அந்தச் சாவி பின்னால் கிடைக்கும்போது திறக்க வாய்ப்பு உண்டு. உங்கள் கணினிக்கென்றே சர்வர் கொடுத்த சாவியால் பூட்டியிருந்தால் வழி இல்லை. பெரிய வீடியோக்களில் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் இது பூட்டும், எனவே கல்யாண வீடியோ போன்றவற்றைப் பழுதுநீக்கும் கருவிகளால் ஓரளவு மீட்க முடிகிறது. எந்தக் கருவி பொருந்தும் என்று தேட 'நோ மோர் ரான்சம்' தளத்துக்குப் போங்கள். நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் 2016-ல் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கியது, காசு கிடையாது. யூடியூப் கமென்ட்டில் 'இவர் திறந்து கொடுத்தார்' என்று காட்டும் ஆட்களிடம் போகாதீர்கள். 2020-ல் இதே ரகத்துக்கான திறப்புக் கருவி என்ற வேஷத்தில் வந்த ஒன்று, ஏற்கெனவே பூட்டிய ஃபைல்களை இரண்டாம் முறை பூட்டியது.

கடையில் கொடுப்பது

கடைக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. டிஸ்க்கிலேயே கோளாறு என்றால், வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால், கடைதான் சரியான இடம். சில நூறு ரூபாயில் வேலை முடியும். ஆனால் வைரஸுக்காகக் கொடுக்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: என்ன விண்டோஸ் போடுவீர்கள்? பல இடங்களில் கையில் உள்ள ஒரே பென் டிரைவிலிருந்து எல்லோருக்கும் போட்டு, ஒரு ஆக்டிவேட்டரை (லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கிராக்) ஓட்டி, இலவசமாக ஆஃபீஸும் ஏற்றித் தருவார்கள். கிராக்கால் வந்த வைரஸை எடுக்கக் கொடுத்து, இன்னொரு கிராக்கோடு திரும்பப் பெறுவது இது. ஒரிஜினல் விண்டோஸ் உள்ள லேப்டாப்பில்கூட பழக்கத்தில் ஆக்டிவேட்டரை ஓட்டிவிடுவார்கள்.

வாங்கும்போது அங்கேயே செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் சரி. 'ஆர்கனைசேஷனின் ஆக்டிவேஷன் சர்வீஸ்' என்ற பொருளில் இருந்தால், அது நிறுவனங்கள் தங்கள் கணினிகளுக்குப் பயன்படுத்தும் கேஎம்எஸ் முறை. வீட்டுக் கணினியில் அது இருப்பது ஆக்டிவேட்டர் ஓடியதன் அடையாளம். எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலையும் அங்கேயே பாருங்கள். கொடுக்கும்போது, டி டிரைவில் என்ன இருக்கிறது, தொடலாமா கூடாதா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். குடும்பப் போட்டோக்களை முடிந்தால் முன்பே எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பழைய டெஸ்க்டாப் என்றால்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர் உள்ள பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அப்படிப்பட்ட டெஸ்க்டாப்பை எப்படியும் அழிக்கத்தான் போகிறோம் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பார்க்கலாம். செய்தி படிக்க, யூடியூப், மின்கட்டணம், பிள்ளையின் வீட்டுப்பாடம் என்ற அளவுக்கு அருமையாக ஓடும். தமிழ்99 தட்டச்சும் உண்டு. விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அதில் ஓடாது. டேலியோ, ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ அந்தக் கணினியில்தான் ஓட வேண்டும் என்றால் இதை நினைக்க வேண்டாம், தினமும் மல்லுக்கட்ட நேரும்.

போட்டபின், முதல் நாளிலேயே

புதிய விண்டோஸில் பிள்ளைகளுக்குத் தனியாக ஸ்டாண்டர்ட் கணக்கு உருவாக்குங்கள், அட்மின் பாஸ்வேர்டு பெரியவர்களிடம் இருக்கட்டும். பிள்ளை தன் கணக்கில் ஒரு கேம் சீட்டை ஓட்டிவிட்டால், அந்தக் கணக்கில் சேமித்த பாஸ்வேர்டுகள் போகலாம். அப்பா, அம்மா கணக்குகளில் இருப்பவற்றை அதனால் எளிதில் தொட முடியாது. எல்லோரும் ஒரே கணக்கில் இருந்தால் அந்தத் தடுப்புகூட இல்லை. 'நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் அழுத்தி, பேஸ்ட் செய்து, என்டர் தட்டுங்கள்' என்று எந்தப் பக்கம் கேட்டாலும் மூடிவிட வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். லுமா வீடுகளுக்குள் வந்த வழிகளில் அதுவும் ஒன்று.

அப்புறம் குரோம். புதிய சிஸ்டத்தில் கூகுள் கணக்கைப் போட்டு சிங்க் ஆன் செய்ததும், பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் தாமாகவே வந்து இறங்கும். தொல்லை கொடுத்த எக்ஸ்டென்ஷனும் அதில் இருந்தால், டிஸ்க்கை அழித்த வேலை முழுவதும் வீண். எனவே சிங்க் போடும்போது செட்டிங்ஸில் எக்ஸ்டென்ஷன்ஸை மட்டும் ஆஃப் செய்துவிடுங்கள், தேவையானவற்றை ஒவ்வொன்றாக நீங்களே சேர்க்கலாம். அதே கூகுள் கணக்கு வீட்டின் இன்னொரு கணினியிலும் இருந்தால், அங்கேயும் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு ஆஃப்லைன் ஸ்கேனும் போட்டுவிடுங்கள்.